காவி நுனி

லம்துவானுக்கு ஆசை என்று மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கண் மூடுவதற்குள் மகனைக் காவியில் பார்த்துவிட வேண்டும். மகன் புத்த பிக்குவானால் அவன் கட்டிய காவியின் நுனியைப் பிடித்துக்கொண்டு பெற்றவள் சொர்க்கத்துக்குப் போய்விடுவாள். எங்கள் தாய்லாந்தில் பிறந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்வாள். நானும் சொல்வேன். எனக்குப் பிள்ளை இல்லை, பிடிக்க நுனியும் இல்லை, அது என் தலையெழுத்து. அவளுக்கு இருபத்து மூன்று வயதில் ஒருவன் இருந்தான். இருந்தும் வெறுங்கையோடு போவதா என்று எனக்கு ஆறவே இல்லை.

நான் சம்லி. பிழைக்க வந்த இந்தச் சீன ஊரில், கௌலூன் சிட்டியின் நாம் கொக் சாலையில், சாப்பாட்டுக் கடை வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. தெருவில் எந்தத் தாய்லாந்துக்காரி வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் முன்னால் நிற்பவள் நான்தான். சாமிமார் பிச்சைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் யார் எங்கே நிற்பது, யார் சோறு போடுவது, எந்தச் சிறுக்கி கையில்லாத சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று பார்த்து வீட்டுக்குத் துரத்துவது, எல்லாம் என் பொறுப்பு. சம்லி அக்கா வாயைத் திறந்தால் பஸ்சே நின்றுவிடும் என்று பின்னால் பேசுவார்கள். பேசட்டும். நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் ஒழுங்காக நடக்காது என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

லம்துவான் என் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், உடம்பு பிடித்துவிடுகிற கடையில் வேலை பார்த்தாள். இருபது வருஷமாக ஊரார் முதுகையும் காலையும் பிடித்துப் பிடித்தே பையனை ஆளாக்கினாள். புருஷன் இந்த ஊர்ச் சீனன், லாரிக்காரன். பையனுக்கு ஏழு வயதாகும்போது எல்லை தாண்டி ஷென்ஜென் பக்கம் இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டவன் திரும்பி வரவில்லை. அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் மாடிப்படி ஏறி வேலைக்குத்தான் போனாள்.

பையன் பேர் தோங். பள்ளிக்கூடத்தில் சீனப் பேர் வேறு ஒன்று. படித்து, வீடு விற்றுக் கொடுக்கிற கம்பெனி ஒன்றில் தரகனாகச் சேர்ந்து, கோட்டும் டையுமாகத் திரிந்தான். எங்கள் பாஷையை ஏழு வயசுப் பிள்ளை மாதிரிதான் பேசுவான், அப்பன் போன பிறகு அம்மாவும் ராப்பகல் வேலையில், பேச ஆளில்லாமல் அவன் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது போல. வேலை கிடைத்ததும் கடலுக்கு அந்தப் பக்கம் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தாயிடம் பாசம் இல்லாதவன் இல்லை. 'உன் அம்மா என் அப்பனுக்கும் பிடிச்சு விடுவாளா' என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுக் கேட்டே அவனை இந்தத் தெருவிலிருந்து விரட்டிவிட்டார்கள்.

ஜூன் மாதம் லம்துவானின் கண் மஞ்சளாயிற்று. ஈரலில் கட்டி என்றார் டாக்டர். எங்கள் பக்கத்து ஆற்றுமீனைச் சின்ன வயதில் பச்சையாய்த் தின்றவர்களுக்கு வருகிற வியாதியாம். அதைத்தான் நாங்கள் எல்லோரும் தின்றோம். அவளுக்கு மட்டும் வந்தது. இரண்டு மாதம் என்றார், அதுவும் தயங்கித் தயங்கி.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் நான் கொண்டுபோன கஞ்சியைக் குடித்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, அவனைத் தொந்தரவு பண்ணாத. இப்பதான் வேலை நிரந்தரம் ஆகியிருக்கு. வந்து பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்தாப் போதும்."

"போதுமாம்ல! நேத்து மத்தியானம் தூக்கத்துல காவி காவின்னு பொலம்பினியே, அது யாரு, பக்கத்து பெட்டுக்காரியா?"

"பொலம்பினேனா?"

"பின்ன? பொய் சொல்லணும்னு எனக்கென்ன வேண்டுதலா?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஆசை இருக்குக்கா. இல்லேன்னு சொன்னா எனக்கே அடுக்காது. ஒரே ஒரு தடவை பாத்துட்டா நிம்மதியாப் போயிருவேன். ஆனா அவன் மாட்டான். அவனுக்கு இதெல்லாம் என்னான்னே தெரியாது."

"மாட்டேன்னா விட்ருவேனா நான்?"

"நீ விட மாட்ட," என்று சிரித்தாள். "அதான் பயமா இருக்கு."

அன்றைக்கே தோங்கைக் கடைக்கு வரச் சொன்னேன். மாலைக் கூட்டம் வருவதற்கு முன்னால் வந்தான். முன்னால் நூடுல்ஸ் வைத்தேன், தொடவில்லை. விஷயத்தைச் சொன்னேன். ஏழு நாளைக்கு மட்டும் பிக்குவாக இருந்தால் போதும், எங்கள் ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் செய்வதுதான். தலையை மழிக்க வேண்டும், புருவத்தையும் மழிக்க வேண்டும், கோயிலில் தங்க வேண்டும்.

"புருவத்தையுமா?"

"எங்க ஊர் வழக்கம் அது."

"பெரியம்மா, நான் வீடு விக்கிறவன். புருவம் இல்லாதவன்கிட்ட எவன் வீடு வாங்குவான்? நானே வாங்க மாட்டேன்."

உள்ளே பப்பாளிக்காய் இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கம்மா சாகக் கெடக்கா. உனக்குப் புருவம் கேக்குதா?"

அவன் முகம் சுண்டிப் போயிற்று. நூடுல்ஸைக் குச்சியால் கிண்டிக்கொண்டே இருந்தான்.

"அதனால அம்மாவுக்கு வலி குறையுமா?"

"வலிக்கு டாக்டர் இருக்கான். இது போற எடத்துக்கு."

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? அந்த ஏழு நாளும் லீவு போட்டு அம்மா கூடவே ஆஸ்பத்திரில இருக்கேனே. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். எத்தனையோ வருஷமா அப்படி இருந்ததில்ல."

"கூட உக்காந்து மூஞ்சியப் பாத்துட்டு இருக்கறதுக்கு நர்சு இருக்கா. பெத்த பிள்ளை மட்டும் செய்ய முடிஞ்ச காரியம் ஒண்ணே ஒண்ணுதான். அதச் செய்."

இப்படித்தான் சொன்னேன். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அவன் குச்சியைக் கிண்ணத்தின் மேல் வைத்தான். பிறகு, "அம்மா சந்தோஷப்படுவாங்கன்னா சரி," என்றான்.

அதற்குப் பிறகு எனக்குக் கை கால் நிற்கவில்லை. யுவென் லாங் பக்கம் இருக்கிற எங்கள் கோயிலுக்கு ஓடி பெரிய சாமியிடம் நாள் கேட்டேன். துறவு கொடுக்க ஐந்து பிக்குகளாவது கூட வேண்டும், அங்கே நால்வர்தான் இருந்தார்கள். போன் மேல் போன் போட்டு, மக்காவ் பக்கம் போயிருந்த ஒருவரைத் திரும்ப வரவழைத்தேன். தெருவில் அத்தனை பேரிடமும் சொல்லி காவி, பாத்திரம், குடை, பாய் எல்லாம் சேர்த்தேன். அரைகுறையாகச் செய்கிற வேலையே என்னிடம் கிடையாது.

தோங்குக்கு மந்திரம்தான் பெரும்பாடு. பாலி மொழியை எங்கள் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் அவனுக்குப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு சத்தத்துக்கும் அருகில் வருகிற சீன எழுத்தாகப் பார்த்து போனில் எழுதிக்கொண்டான். வீடு காட்டப் போகிற வழியில், மின்சார ரயிலில், கோட்டும் டையுமாக நின்றுகொண்டு முணுமுணுத்தானாம். பக்கத்தில் நின்ற கிழவி பயந்து நகர்ந்துவிட்டாளாம். அவனே வந்து சொல்லிச் சிரித்தான். நல்ல பிள்ளை.

பெற்றவர்கள் சம்மதம் இல்லாதவனுக்குத் துறவு கிடையாது. லாரிக்காரன் நம்பரை யார் யாரிடமோ கேட்டு வாங்கி நானே பேசினேன். "தலைய மழிக்கிறானா? நான் இன்னும் சாகலையே," என்றான். "நீ எங்களுக்கு என்னைக்கோ செத்தாச்சு, சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வை," என்றேன். சொல்லிவிட்டு வைத்தான்.

சடங்கன்று காலை முதல் மயிரைப் பெற்றவள்தான் வெட்ட வேண்டும். அவளால் எழுந்து வர முடியாது. எனவே கோயிலுக்குப் போகிற வழியில் அவனை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனேன். பார்வை நேரம்கூட இல்லை, கெஞ்சி உள்ளே போனோம். கையில் ஒரு தாமரை இலை, ஒரு கத்தரிக்கோல். தோங் குனிந்தான். லம்துவானால் கத்தரியை ஒரு கையால் அழுத்த முடியவில்லை, இரண்டு கையாலும் பிடித்தாள். அந்தக் கையா இருபது வருஷம் மலைமாதிரி ஆம்பிளைகளை எல்லாம் அழுத்திப் போட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கொத்து வெட்டினாள். பாதி இலையில் விழுந்தது, பாதி வெள்ளைப் படுக்கையில் கொட்டியது. நர்சு ஓடிவந்து கத்தினாள். இது ஆஸ்பத்திரியா முடிவெட்டும் கடையா என்று சீனத்தில் பொரிந்து தள்ளினாள். லம்துவான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மகன் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மயிரைக் கோதினாள், காதைத் தடவினாள், கன்னத்தில் உள்ளங்கையை வைத்து அப்படியே இருந்தாள்.

"விடுடி, நேரமாச்சு. பன்னெண்டு மணிக்குள்ள எல்லாம் முடியணும். அதுக்கு மேல சாமிங்க சாப்பிடக் கூடாதுல்ல?" என்றேன்.

விட்டுவிட்டாள்.

கோயிலில் எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. சடங்குப்படி நீ மனிதனா என்று கேட்டார்கள், ஆமாம் சாமி என்றான். பெற்றோர் சம்மதம் உண்டா என்றார்கள், உண்டு சாமி என்றான். போன் இல்லாமலே ஒரு தடவைகூடத் தடுக்காமல் சொன்னான். காவி கட்டி வெளியே வந்தபோது எனக்கே யாரோ மாதிரி இருந்தது. புருவம் இல்லாத முகம் பச்சைக் குழந்தையின் முகம்போல் இருந்தது. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஈரத் தரையில் உட்கார்ந்து அவனைக் கும்பிட்டோம்.

மறுநாள் காலையில் அவனை லம்துவானிடம் அழைத்துப் போனோம். துணைக்குப் பிரசோங் சாமி வந்தார், முழங்கால் வலிக்காரர், எழுபது வயது, அதிகம் பேச மாட்டார். வார்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு எங்களை உள்ளே அனுப்பினார்.

லம்துவான் அவனைப் பார்த்ததும் கட்டிலில் எழுந்து உட்கார முயன்றாள். நான் தலையணையை முட்டுக் கொடுத்தேன். இரண்டு கையையும் குவித்து நெற்றி வரைக்கும் தூக்கினாள். கண்ணிலிருந்து கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது. தோங்கும் பழக்கதோஷத்தில் பதிலுக்குக் கையைக் குவிக்கப் போனான்.

"ஏய்! பிக்கு யாரையும் கும்பிடக் கூடாது," என்று சீறினேன். கை பாதியில் நின்றது.

"எவ்வளவு அழகா இருக்கான் பாருக்கா," என்றாள் லம்துவான். "சாமின்னு கூப்பிடணுமா இப்ப?"

"ஆமா. பிக்கு மேல பொம்பள கை படக் கூடாது, பெத்தவளா இருந்தாலும். ஞாபகம் வச்சுக்க."

"தெரியும் போ. நானும் அந்த ஊர்க்காரிதான்." அவனைப் பார்த்து, "நுனியை இப்ப பிடிக்க மாட்டேன் சாமி. இப்பவே பிடிச்சா இப்பவே கிளம்பணும்ல? போறப்பப் பிடிச்சுக்கறேன்," என்று கேலி பண்ணினாள்.

அன்றைக்கு அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. பக்கத்துப் படுக்கைக்காரிக்கெல்லாம் என் மகன், என் மகன் என்று காட்டினாள். நான் தெருவுக்குத் திரும்பி வந்து அத்தனை கடையிலும் ஏறி இறங்கிச் சொன்னேன். நினைத்ததை முடித்துவிட்டேன் என்ற கர்வம் எனக்குத் தலைக்கேறியிருந்தது.

நாலாம் நாள் கதை மாறிப் போயிற்று. காலையிலிருந்தே கண்ணைத் திறக்கவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன். கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன். கோயிலிலிருந்து தோங்கும் பிரசோங் சாமியும் டாக்சி பிடித்து வந்து சேர மத்தியானம் மூன்று மணி ஆயிற்று. நர்சு கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள். நான் ஒரு பக்கம், தோங் ஒரு பக்கம். பிரசோங் சாமி வழக்கம்போல வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

லம்துவானின் மூச்சு விட்டு விட்டு வந்தது. வெகுநேரம் கழித்து உதடு அசைந்தது.

"தோங்."

"இங்கதாம்மா இருக்கேன்."

"கை குடு. குளுருது."

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்கப் போவதில்லை. சத்தமில்லாமல் உதட்டால் கேட்டான்: பிடிக்கட்டுமா?

நான் தலையை ஆட்டினேன். கூடாது என்று. காவி நுனியைக் கொடு என்று சைகை காட்டினேன்.

தோளிலிருந்து தொங்கிய நுனியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் விரல்கள் அதைத் தடவிப் பார்த்தன. இதற்காகத்தானே இத்தனை பாடு, பிடித்துக்கொள்ளடி, பிடித்துக்கொள்ளடி என்று என் மனம் அடித்துக்கொண்டது. விரல்கள் துணியைத் தள்ளிவிட்டன.

"துணி வேணாம். கை குடுடா."

"பெரியம்மா, நான் இதக் கழட்டிடறேன். இப்பவே கழட்டிடறேன்," என்றான். குரல் உடைந்து சீனமும் எங்கள் பாஷையும் கலந்து வந்தது.

"மூச்! நாலு நாள் சேத்த புண்ணியம் அத்தனையும் பாழாப் போயிரும். அவ கெளம்பற நேரத்துல வழிய மறிக்காத."

எனக்கு அது தெரியுமா? எவர் சொல்லிக் கொடுத்தார்? எந்த ஏட்டில் படித்தேன்? ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்தே தெரிந்தவள் மாதிரிச் சொன்னேன். என் குரலில் இருந்த உறுதியைப் பார்த்து அவன் நம்பிவிட்டான். கையை இழுத்துக் காவிக்குள் ஒளித்துக்கொண்டான்.

லம்துவானின் கை படுக்கையில் விரிந்தபடியே கிடந்தது. காத்திருந்தது. பிறகு கேட்டாள்.

"எம் மேல கோவமாடா?"

அவன் கை காவிக்குள்ளேயே இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் கையை நீட்டி அவள் கைக்குள் வைத்தேன்.

கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. முகம் தளர்ந்து லேசாயிற்று. கட்டை விரலால் என் உள்ளங்கையைத் தடவினாள். இருபத்தாறு வருஷம் வாணலியும் கத்தியும் பிடித்துக் காய்த்துப் போன கை என்னுடையது.

"என்னடா இது, கை இப்படிக் காச்சுப் போச்சு? வீடுதான விக்கிற? மூட்ட தூக்கறியா?"

நான் எப்படிப் பதில் சொல்வேன்? வாயைத் திறந்தால் என் குரல் காட்டிக் கொடுத்துவிடும். நிமிர்ந்து தோங்கைப் பார்த்தேன்.

"இல்லம்மா. ஜிம்முக்குப் போறேன். எடை தூக்கறேன்," என்றான் கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

பிக்கு பொய் சொல்லக் கூடாது. அவன் இரண்டு பொய் சொன்னான். நான் வாயைத் திறக்காமலே ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்தபடியே கிடந்தாள். பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. தோங் ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டு, தன்னுடையது என்று நினைத்து அம்மா பிடித்துக்கொண்டிருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கால் மணி நேரம் இருக்கும். நர்சு வந்து திரையை விலக்கி, கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, மணியைக் குறித்துக்கொண்டாள்.

அப்போதும் அவன் தொடவில்லை. நான் தலையாட்டுவேனா என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்த ஊரில் எரிக்க இடம் கிடைக்கவே இரண்டு வாரம் ஆகும். அதுவரை அவன் காவியை அவிழ்க்கவில்லை. ஏழு நாள் போய் பதினெட்டு நாள் ஆயிற்று. கம்பெனியிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சவப்பெட்டியில் கட்டிய வெள்ளை நூலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். எங்கள் தெருப் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே, லம்துவான் குடுத்து வச்சவ, பிள்ளை கையாலே நேரா மேல போயிட்டா என்றார்கள். என்னிடம் வந்து, உன்னாலதான்க்கா எல்லாம் என்றார்கள். வேறு எப்போதாவது கேட்டிருந்தால் குளிர்ந்து போயிருப்பேன்.

எரித்து முடித்து எல்லோரும் பஸ்சுக்குப் போன பிறகு பிரசோங் சாமி பக்கத்தில் போய் மண்டியிட்டேன். என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"சாமி, அன்னிக்கு அவன் காவியக் கழட்டியிருந்தா அவளுக்குப் பாவமா?"

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"எதுக்குப் பாவம்? எம் முன்னால நின்னு, விட்டுட்டேன் சாமின்னு ஒரு வரி சொன்னா முடிஞ்சுது. மறுநிமிஷம் சாதாரணப் பிள்ளை. போய் அம்மா கையப் பிடிச்சுக்க வேண்டியதுதான். வேணும்னா மறுபடி ஒருநாள் கட்டிக்கலாம்."

"சேத்த புண்ணியம்?"

"செஞ்ச புண்ணியம் எங்க தாயே போகும்?"

"நீங்க வாசல்லதான இருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!" கத்திவிட்டேன். சாமியிடம் கத்தினேன்.

"திரைக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு என்ன தெரியும்? யாரும் வந்து கேக்கலயே," என்றார் அவர். கோபம் இல்லாமல்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பத்தடி. எழுந்து பத்தடி நடந்து திரையை விலக்கிக் கேட்டிருந்தால் போதும்.

அதற்குப் பிறகு எனக்கு ராத்திரி பகல் ஒரே யோசனை. இருபது வருஷம் ஆயிரமாயிரம் கைகளைப் பிடித்துவிட்டவள் லம்துவான். தொட்ட மாத்திரத்தில் இவன் டிரைவர், இவள் தையல்காரி என்று சொல்லிவிடுவாள். அவளுக்கா பெற்ற பிள்ளையின் கைக்கும் என் கைக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்கும்? தெரிந்துதான் சும்மா இருந்தாளா? பிள்ளை தொட மாட்டேன் என்கிறான், இவளாவது கொடுத்தாளே என்று ஏற்றுக்கொண்டு போனாளா? தெரியாமல் போயிருக்க வேண்டும் என்று தினம் புத்தர் முன்னால் கும்பிடுகிறேன். சொர்க்கம், புண்ணியம் எல்லாம் இப்போது நான் கேட்பதில்லை.

எரித்து நாலு நாள் கழித்து தோங் கடைக்கு வந்தான். மத்தியானக் கூட்டம் கலைந்திருந்தது. கால்சட்டையும் மேல்சட்டையுமாக வந்தான். தலையில் முள்ளு முள்ளாக மயிர், புருவம் பென்சிலால் லேசாகக் கோடு போட்டதுபோல் முளைத்திருந்தது. வேலை போய்விட்டதாம். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தான். சாப்பிடச் சொன்னேன், வேண்டாம் என்றான்.

எதிரில் உட்கார்ந்தேன். எப்படியும் என் வாயாலேயே சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"தோங், அன்னிக்கு நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாமச் சொல்லிட்டேன். பிரசோங் சாமி சொன்னாரு..."

"தெரியும் பெரியம்மா. எங்கிட்டயும் சொன்னாரு. டாக்சில கோயிலுக்குத் திரும்பிப் போறப்பவே."

அன்றைக்கே. அப்படியானால் அதற்குப் பிறகு இரண்டு வாரமும் தெரிந்துகொண்டுதான் எங்கள் கும்பிடுகளை வாங்கிக்கொண்டு காவியில் உட்கார்ந்திருந்தான். சவப்பெட்டிக்கு முன்னால் நடந்தபோதும் தெரிந்துதான் நடந்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"திட்டுடா. நல்லா நாலு வார்த்த திட்டிட்டுப் போ. நான் வாங்கிக்கறேன்."

"திட்ட வரல. கையக் குடுங்க."

"என்னத்துக்கு?"

"குடுங்க."

எந்தக் கை என்று நான் கேட்கவில்லை. வலது கையை மேசைமேல் நீட்டினேன். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். அவன் கை மெத்தென்று, சூடாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் என் உள்ளங்கையை அங்குலம் அங்குலமாகத் தடவினான், அம்மா அதில் எங்கேயாவது மிச்சம் இருப்பாள் என்று தேடுகிற மாதிரி. உள்ளே உலக்கைச் சத்தமும் நின்றுவிட்டிருந்தது.

பிறகு கண்ணைத் திறந்தான்.

"இதுல அம்மாவும் இல்ல, நானும் இல்ல," என்றான். "உங்க கை மட்டுந்தான் இருக்கு பெரியம்மா."

என் கையை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு அவன் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை.